பி-யா, டி-யா

மார்ச் 4, திங்கள்

இன்று டைப் அடித்தது முப்பத்தோரு அறிக்கைகள். எலும்புப் பிரிவு பதினொன்று, இருதயம் எட்டு, மீதி பொது.

எலும்பு டாக்டர் ஏதோ மென்றுகொண்டே பேசிப் பதிவு செய்திருக்கிறார். பிஸ்கட்டாகத்தான் இருக்க வேண்டும். நோயாளியின் வயதைச் சொல்லிவிட்டு ஒரு கடி, முறிந்த எலும்பைச் சொல்லிவிட்டு இன்னொரு கடி. இருதய டாக்டருக்குச் சளி இன்னும் போகவில்லை. பத்தொன்பது வருஷமாக இவர்கள் தினமும் என் காதுக்குள் பேசுகிறார்கள். யாருக்கு இருமல், யார் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறார், எல்லாம் குரலிலேயே தெரிந்துவிடும். லிஃப்டில் பார்த்தால் "எந்த மாடி?" என்று கேட்பார்கள்.

டாக்டர்கள் வரவர ரொம்ப முணுமுணுக்கிறார்கள். ஹெட்போன் சத்தத்தை ஏழில் வைத்திருந்தேன். இப்போது பத்து.

கேன்டீனில் எதிர் மேசைக்காரியும் லேப் பெண்களும் ஒன்றாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் தட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய்விட்டேன். என்ன விஷயம் என்று கேட்டால் "ஒண்ணுமில்லக்கா" என்பார்கள். எதற்குக் கேட்க வேண்டும்?

மார்ச் 6, புதன்

இன்று வாய் திறந்து பேசியவை: "கொஞ்சம் தள்ளிக்கோங்க." "மூணாவது மாடி." அவ்வளவுதான்.

மார்ச் 10, ஞாயிறு

தம்பி போன் செய்தான். நல்லா இருக்கியா, உடம்பு பரவாயில்லையா, சரி வைக்கட்டுமா. இரண்டு நிமிஷம் கூட இல்லை. முன்பெல்லாம் வாராவாரம் பேசுவான், பேச்சை நிறுத்தவே மாட்டான். அவன் மனைவியும் ரிசீவரைப் பிடுங்கி அரை மணி நேரம் பேசுவாள். இப்போது மாதம் ஒருமுறை, கடமைக்கு. என்ன கோபம் என்று தெரியவில்லை. நான் என்ன செய்தேன்?

துணி மடித்தேன். பாத்ரூமைக் கழுவினேன். ஞாயிற்றுக்கிழமைக்கு எதற்கு இத்தனை மணி நேரம்.

மார்ச் 19, செவ்வாய்

மேனேஜர் மேடம் மூன்றாவது மாடிக்கு ஏறி வந்தார். அவர் என் அறைக்கு வருவது வருஷத்துக்கு ஒரு முறை.

"பிப்ரவரி கடைசியில இடுப்பு மூட்டு மாத்தின கேஸ். ரிட்டையர்டு கணக்கு டீச்சர். அவங்க டிஸ்சார்ஜ் பேப்பரை எடுங்க."

எடுத்தேன். அவர் நின்றபடியே படித்தார். ஒரு வரியில் விரல் நின்றது. 

டீச்சர் நேற்று ஸ்ட்ரெச்சரில் திரும்ப வந்திருக்கிறார். மாற்றி வைத்த மூட்டின் பந்து அதன் கிண்ணத்திலிருந்து நழுவிவிட்டது. மயக்கம் கொடுத்து உள்ளே தள்ளிப் பார்த்தார்களாம், நிற்கவில்லை. மறுபடி திறக்க வேண்டும்.

எனக்கே தெளிவாக இருப்பதற்காக எழுதிவைக்கிறேன். இரண்டு சொல். அப்டக்‌ஷன் என்றால் காலை உடம்பின் நடுக்கோட்டிலிருந்து வெளியே விலக்குவது. அடக்‌ஷன் என்றால் உள்ளே கொண்டுவருவது, மற்றக் காலோடு சேர்ப்பது. எழுத்தில் பார்த்தால் ஒன்றில் பி, இன்னொன்றில் டி. வாயில் வரும்போது ஒரு தும்மல் அளவு வித்தியாசம். இடுப்பு மூட்டு மாற்றியவர் காலைச் சேர்க்கக் கூடாது, குறுக்கே போடக் கூடாது. போட்டால் நழுவும். அதாவது அடக்‌ஷன் கூடாது.

தாளில் இருந்தது, அப்டக்‌ஷன் கூடாது.

டீச்சர் அந்தத் தாளைத் தன் தெருவில் இருக்கும் பிசியோதெரபிஸ்டிடம் காட்டியிருக்கிறார். அவருக்குச் சந்தேகம் வந்ததாம். ஆனால் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் கையெழுத்துப் போட்டுச் சொல்லியிருக்கிறாரே, ஏதாவது காரணம் இருக்கும் என்று விட்டுவிட்டார். காலைச் சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார். டீச்சர் காலுக்கு நடுவில் வைத்திருந்த தலையணையை எடுத்துவிட்டார். எழுதியிருந்தபடி, ஒரு நாள் தவறாமல்.

தாளின் அடியில் டாக்டர் கையெழுத்து. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் என் பெயரின் முதல் எழுத்து.

மார்ச் 20, புதன்

ஒலிப்பதிவைக் கேட்டேன். பதினோரு தடவை. பி. பி. பி. பிஸ்கட் நொறுங்கும் சத்தம், அப்புறம் பி.

டாக்டர்தான் மாற்றிச் சொல்லியிருக்கிறார் என்று நிம்மதியாக இருந்தது. நிம்மதி என்றுதான் எழுத வேண்டும். பொய் எழுதி என்ன.

உறுதிப்படுத்திக்கொள்ள எதிர் மேசைக்காரியைக் கூப்பிட்டேன். அவள் ஹெட்போனை மாட்டியவுடன் பதறிக் கழற்றினாள்.

"அக்கா, இவ்வளவு சத்தத்துலயா கேக்குறீங்க? எனக்கு மண்டையே அதிருது."

சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டாள். ஒரே ஒரு தடவை.

"அடக்‌ஷன். டி தானேக்கா? தெளிவாத்தானே சொல்றாரு."

"இன்னொரு தடவை கேளு."

கேட்டாள். என் முகத்தைப் பார்த்து, மெதுவாக, "டி தான்கா" என்றாள். அப்புறம் என்னைச் சமாதானப்படுத்த, "நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல அப்டக்‌ஷன்னா ஆளைக் கடத்துறதுன்னு நெனச்சேன். இடுப்பை யாருடா கடத்துறாங்கன்னு ஒரு நாள் முழுக்க யோசிச்சேன்" என்றாள். நான் சிரிக்கவில்லை. அவள் போகாமல் நின்றாள்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. நீங்க காதை ஒருக்கா காட்டுங்க. நாங்க பின்னால இருந்து கூப்பிட்டா நீங்க திரும்புறதே இல்ல. சாப்பிட வாங்கன்னு எத்தனை நாள் கூப்பிட்டிருக்கோம். முதல்ல திமிருன்னு நெனச்சோம். அப்புறம் கூப்பிடுறத விட்டுட்டோம்."

கூப்பிட்டிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போதுதான் இன்னொன்று உறைத்தது. காதின் மேல் பழியைப் போட்டு நான் தப்பிக்க முடியாது. இடுப்பு மாற்றியவருக்கு எது ஆகாது என்று எனக்குத் தெரியுமே. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேனே. காதில் தப்பாக விழுந்தாலும் கை நின்றிருக்க வேண்டாமா? விரல் பாட்டுக்குத் தட்டியிருக்கிறது. அன்றைக்கு மனசு எங்கே இருந்தது? பிப்ரவரி 28. டைரியைப் புரட்டிப் பார்த்தேன். "இன்று ஒன்றுமில்லை" என்று எழுதியிருக்கிறேன்.

மார்ச் 21, வியாழன்

மேனேஜர் மேடத்திடம் சொன்னேன். அவர் கதவைச் சாத்தினார்.

"உக்காருங்க. ரெக்கார்டிங் முப்பது நாள்ல தானா அழிஞ்சிடும். இன்னும் ஒரு வாரம். டாக்டரே தான் மாத்திச் சொல்லிட்டோமோன்னு நெனச்சுட்டு இருக்காரு. அவர் அதைக் கேட்டுப் பாக்கப் போறதில்ல, அவருக்கு ஏது நேரம். நீங்க வாயைத் திறக்காம இருந்தா போதும்."

"அந்த டீச்சர்?"

"நீங்க சொன்னா அவங்க கால் சரியாயிடுமா? ரிட்டையர் ஆக இன்னும் ஏழு வருஷம் இருக்கு உங்களுக்கு. தனியா இருக்கீங்க. யோசிங்க."

நல்ல மனுஷி. எனக்காகத்தான் சொன்னார். அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

மார்ச் 23, சனி

வேறொரு ஆஸ்பத்திரியில் காதைக் காட்டினேன். பழைய டெலிபோன் பூத் போல ஒரு கண்ணாடிக் கூண்டு. உள்ளே உட்கார வைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். ஒழுங்காகத்தான் அழுத்தினேன். நடுநடுவே நீண்ட அமைதி வந்தது; அடுத்த சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.

அந்த அமைதி பூராவும் சத்தம் இருந்திருக்கிறது.

"ரெண்டு காதும்தான். இன்னைக்கு நேத்து வந்ததில்ல, நாலஞ்சு வருஷமாவே குறைஞ்சிருக்கும்" என்றார் பரிசோதித்தவர். "பேச்சு கேக்கும், ஆனா எழுத்துக்கு எழுத்து பிரியாது. பி, டி, பா, டா, இதெல்லாம் ஒண்ணாத்தான் விழும். வீட்ல யாரும் சொல்லலையா?"

வீட்டில் யார் சொல்வது.

மார்ச் 24, ஞாயிறு

நானே தம்பிக்குப் போன் செய்தேன். ஸ்பீக்கரில் போட்டு, போனைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு, காது விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் பேச்சே இல்லை. கேட்கவில்லையோ என்று பயந்துவிட்டேன்.

"அக்கா" என்றான். "போன வருஷம் ஒரு நாள் உன்கிட்ட ஒண்ணு கேட்டேன், ஞாபகம் இருக்கா?"

"என்ன கேட்ட?"

"நாங்க அடிக்கடி போன் பண்றது உனக்குத் தொந்தரவா இருக்கான்னு கேட்டேன். நீ எதுக்குமே சரியா பதில் சொல்றதில்ல, அதான். நீ 'ஆமாமா, ஆமாமா'ன்னு சொன்ன."

 சொல்லியிருப்பேன். எது காதுல விழலன்னாலும் ஆமாமான்னுதானே சொல்வேன். சரியாப் போயிடும்னுதானே சொல்வேன். ஒரு வருஷமா அவங்க மேல கோபப்பட்டுட்டு இருந்தேனே. ஏன்டா அப்பவே ஒரு வார்த்தை கேக்கலன்னு கேட்டேன். "நீ சொன்னதுக்கு அப்புறம் எப்படிக் கேப்பேன்?" என்றான்.

அவன் மனைவி பின்னால் நின்று கேட்டிருக்கிறாள் போல. போனை வாங்கி, ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து, "அக்கா. நான். சத்தமா. பேசுறேன். கேக்குதா?" என்றாள்.

கேட்டது.

மார்ச் 25, திங்கள்

டீச்சருக்கு மறு அறுவை நேற்று முடிந்திருக்கிறது. அதன் அறிக்கை இன்று எனக்கு வந்தது, எலும்பு டாக்டர் குரலில். இந்தத் தடவை எதையும் மெல்லவில்லை. நிதானமாகப் பேசுகிறார். "அடக்‌ஷன். ஏ, டி, டி" என்று எழுத்து எழுத்தாகச் சொல்கிறார். கடைசியில் கொஞ்சம் நிறுத்திவிட்டு: முந்தைய அறிக்கையில் தவறான சொல் இடம்பெற்றது, அதைப் பதிவு செய்தபோது நேர்ந்த என் கவனக்குறைவே காரணம்.

என் காதுக்குள் சொல்கிறார். நான் அதை டைப் அடிக்க வேண்டும். அவர் பெயரைப் போட்டு.

அந்த வரிக்கு முன்னால் நிறுத்திவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 26, செவ்வாய்

முப்பத்து நாலு வந்தது. முப்பத்து மூன்று முடித்தேன். அந்த ஒன்று அப்படியே இருக்கிறது.

மார்ச் 27, புதன்

எலும்பு டாக்டரைத் தனியாகப் பிடிக்க முடியாது. அரை நாள் லீவு போட்டு, நோயாளிகளோடு டோக்கன் வாங்கி உட்கார்ந்தேன். நாற்பத்திரண்டாவது ஆள். உள்ளே போனதும் நிமிராமலேயே கேட்டார்.

"எந்த மூட்டு?"

"மூட்டு இல்ல டாக்டர். நான் உங்க டைப்பிஸ்ட்."

நிமிர்ந்தார். பத்தொன்பது வருஷத்தில் அவர் என் முகத்தை நேராகப் பார்த்தது இதுதான் முதல் தடவை. கிட்டத்தில் பார்த்தால், குரலை வைத்து நான் நினைத்திருந்ததைவிட வயதானவர்.

போனில் ஒலிப்பதிவை வைத்திருந்தேன். போட்டுக் காட்டினேன். எனக்கு இப்போதும் பி என்றுதான் கேட்டது. அவர் முகத்தைப் பார்த்துத்தான் அது டி என்று தெரிந்துகொண்டேன்.

"நீங்க சரியாத்தான் சொல்லியிருக்கீங்க. தப்பு என்னோடது. காது கொஞ்சம் போயிருக்கு, எனக்கே தெரியல. ஆனா காது மட்டும் இல்ல, அர்த்தம் பார்த்திருந்தா பிடிச்சிருக்கலாம். நான் பார்க்கல."

 கத்துவார் என்று நினைத்தேன்.

"ஒரு வாரமா எனக்குத் தூக்கமில்ல" என்றார். "என் வாய்ல எப்படி அந்தச் சொல் வந்துச்சுன்னு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆனா கீழ கையெழுத்துப் போட்டது நான். படிக்காம போட்டேன். அதையும் சேர்த்து எழுதுங்க. ரெண்டையும் எழுதுங்க."

பிறகு டீச்சரைப் பார்க்கப் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை. பத்தொன்பது வருஷத்தில் நான் எத்தனையோ பேரின் எலும்பையும் ரத்தத்தையும் டைப் அடித்திருக்கிறேன். ஆளைப் பார்த்ததில்லை.

காலுக்கு நடுவில் பெரிய தலையணை வைத்துக் கட்டி, மல்லாந்து படுத்திருந்தார். பக்கத்தில் அவருடைய நாத்தனார். நான் சொன்னதை டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"நீங்கதானா அது" என்றார்.

"நான்தான்."

"முப்பத்தஞ்சு வருஷம் பேப்பர் திருத்தினவ நான். கூட்டலுக்குப் பதிலா கழித்தல் போட்டா விடை தப்புதான். ஐயோ பாவம்னு அரை மார்க் கூடப் போட மாட்டேன்."

"போட வேண்டாம்."

"மன்னிப்பு கேக்க வந்தீங்களா? அதை ஊணிக்கிட்டு நான் நடக்க முடியுமா?"

"அண்ணி, விடுங்க" என்றார் நாத்தனார்.

"எதுக்கு விடணும்? பதினேழு நாள், எழுதியிருந்ததை எழுத்துப் பிசகாம செஞ்சேன். இவதான் கேலி பண்ணுவா, பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படிக்கிறீங்கன்னு."

 நின்றேன். கால் வலித்தது. வலிக்கட்டும் என்று நின்றேன். கிளம்பத் திரும்பியபோது டீச்சர் ஏதோ சொன்னார். விழவில்லை. ஆமாமா என்று வாய் வரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டு, பக்கத்தில் போய்க் குனிந்து, "கேக்கல. மறுபடி சொல்லுங்க" என்றேன்.

"இந்தத் தடவை கொடுக்குற தாளாவது எனக்குப் புரியணும்னு சொன்னேன். எனக்கு இங்கிலீஷ் வரும். இந்த இங்கிலீஷ் வராது. தமிழ்ல எழுதிக் கொண்டுவாங்க."

மார்ச் 28, வியாழன்

காலை அந்த ஒரு அறிக்கையை முடித்தேன். என் தவறையும் டாக்டரின் தவறையும், அவர் சொன்னபடி.

மதியம் முழுக்க டீச்சர் தாள். இத்தனை வருஷமாக டைப் அடித்தவைதான். ஆனால் எதிரில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்குச் சொல்வதாக நினைத்தால் ஒரு வரி ஓடவில்லை. தமிழில் அந்த இரண்டும் ஒன்றுபோல ஒலிப்பதே இல்லை. விலக்குவது, சேர்ப்பது. எந்தக் காதும் குழம்பாது.

டாக்டர் படித்துப் பார்த்தார். கடைசி வரி வரை படித்தார், நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கையெழுத்துப் போட்டார்.

மார்ச் 30, சனி

டீச்சர் தாளைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். சிவப்பு மையில்.

"'காலை விலக்கி வைக்கவும்'. எதிலிருந்து விலக்கி? எவ்வளவு? தெளிவில்லை."

"'காலை' என்று வாக்கியத்தைத் தொடங்கினால் காலை வேளை என்று படிக்கிறது. மாற்றவும்."

"'முடிந்தவரை' என்ற சொல்லை நீக்கவும். யாருக்கு எவ்வளவு முடியும் என்று யார் சொல்வது?"

மூன்றும் சரி. மூன்றாவது ரொம்பச் சரி. திருத்தி எழுதினேன்: "உங்கள் இரண்டு முழங்கால்களுக்கும் நடுவில் எப்போதும் ஒரு தலையணை அளவு இடைவெளி இருக்க வேண்டும். கால்மேல் கால் போடவே கூடாது."

ஏப்ரல் 2, செவ்வாய்

விசாரணை முடிந்தது. எனக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை. இனி ஒலிப்பதிவு வேலை கிடையாது. கீழ்த்தளத்தில் நோயாளிகளுக்கு மருத்துவப் பதிவேடு கொடுக்கும் ஜன்னலில் உட்கார வேண்டும். டாக்டர்கள் இந்த இரண்டு சொல்லையும் எழுத்து எழுத்தாகத்தான் சொல்ல வேண்டும், படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது என்று சுற்றறிக்கை. மேனேஜர் மேடம் கூட்டம் முழுக்க என்னைப் பார்க்கவே இல்லை.

ஹெட்போனைச் சுருட்டி எதிர் மேசைக்காரியிடம் கொடுத்தேன். பத்தொன்பது வருஷக் குரல்கள். நாளையிலிருந்து யாரும் எனக்குள் பேச மாட்டார்கள். வீட்டிலும் இல்லை, வேலையிலும் இல்லை. பஸ்ஸில் அழுகை வந்துவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஏப்ரல் 15, திங்கள்

காதுக் கருவி மாட்டினார்கள். மின்விசிறிக்குச் சத்தம் உண்டு. செருப்புக்கு உண்டு. தாளைப் புரட்டினால் நெருப்புப் பற்றியது போல இருக்கிறது. இந்த இரைச்சலிலா எல்லோரும் இத்தனை நாள் இருக்கிறார்கள்? மதியம் கழற்றி வைத்துவிட்டேன். கழற்றியதும் பழைய அமைதி. முதல் தடவையாக அது எனக்குப் பயமாக இருந்தது. மறுபடி மாட்டிக்கொண்டேன்.

மே 9, வியாழன்

டீச்சர் வாக்கர் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்தார். நலமா என்று கேட்கவில்லை, சிரிக்கவில்லை. என் தாளின் நகல்கள் வேண்டுமாம், ஆறு. பயிற்சிக்கு வரும் மற்றவர்களுக்குக் கொடுக்க. பக்கத்துப் படுக்கையில் இருந்த அம்மாவுக்கு முழங்காலில் அறுவை, அதற்கும் இப்படி ஒன்று எழுத முடியுமா என்று கேட்டார்.

"எழுதுறேன். டாக்டர் பார்க்கணும். நீங்க திருத்திக் கொடுப்பீங்களா?"

"திருத்தாம எப்படி வெளியில விடுறது?" என்றார்.

வலது கால் இன்னும் கொஞ்சம் இழுக்கிறது. வாசல் வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். அது சரியாகுமா என்று டாக்டரிடம் கேட்டேன். "முழுசா ஆகாது" என்றார்.

மே 19, ஞாயிறு

தம்பி, முப்பத்தெட்டு நிமிஷம். பாதி நேரம் அவன் மனைவி. மாமியாரோடு சண்டையாம்.

ஜூன் 12, புதன்

காலையிலிருந்து ஜன்னலில் கூட்டம். வெறும் பதிவேடு வாங்க வந்தவர்கள் ஐந்தாறு பேர்தான். மற்றவர்கள் கையில் தாளை வைத்துக்கொண்டு "இதுக்கு என்னம்மா அர்த்தம்?" என்று வந்தவர்கள். ஒரு பெரியவருக்கு ஹைப்பர் என்று எழுதியிருந்தது. அண்ணன் மகனுக்கு ஹைப்போ என்று எழுதிக் கொடுத்த அதே வியாதிதானே என்கிறார். இல்லைங்க, அது ரத்த அழுத்தம் குறைவது, உங்களுக்குக் கூடுவது என்று எழுதிக் காட்டினேன். "ஏம்மா, இவங்களுக்கு வேற வேற பேர் வைக்கத் தெரியாதா?" என்றார். நானும் அதைத்தான் பல வருஷமாக நினைக்கிறேன் என்றேன். அவருக்குப் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

ஒன்றரை மணிக்கு எதிர் மேசைக்காரி படிக்கட்டிலிருந்து குரல் கொடுத்தாள். இரண்டு மணிக்கு இன்னொரு தடவை. கூட்டம் குறைந்து நான் மேலே போனபோது மூன்று. அவள் என் தட்டை மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எத்தனை தடவைக்கா கூப்பிடுறது? காதுல மெஷின் மாட்டியிருக்கீங்களா இல்லையா?"

"கேட்டுச்சு" என்றேன். "ஆள் இருந்தாங்க. வர முடியல."